மூன்று ஓட்டங்களும் ஓர் அம்பும்

ஓட்டம் மூவகைப்படும். அவை பொருள் ஓட்டம், தகவல் ஓட்டம், பண ஓட்டம் என்பன. இவற்றுள் பொருள் ஓட்டம் விளைவிப்பவரிடமிருந்து வாங்குபவரை நோக்கிச் செல்லும். பண ஓட்டம் வாங்குபவரிடமிருந்து விளைவிப்பவரை நோக்கி வரும். தகவல் ஓட்டமோ இரு திசையிலும் போய்வரும் இயல்புடையது. இம்மூன்றையும் உலகத்தார் நெடுங்காலமாகச் செய்தே வந்தனர். பாப்பாரப்பட்டிச் சந்தையில் புளி விற்போர், ஒரு கையால் புளியைக் கொடுத்து, மறு கையால் காசை வாங்கி, வாயால் அடுத்த வாரத்து விலையைச் சொல்லி, மூன்று ஓட்டங்களையும் ஒரே மூச்சில் நடத்தினர். ஆயினும் அவற்றிற்குப் பெயர் உண்டு என்பதை அவர்கள் அறியார்.

அதனை நம் தருமபுரி மாவட்டத்திற்கு அறிவித்தவர், பட்டுக்கூடு உற்பத்தியாளர் விற்பனைச் சங்கத்தின் தனி அலுவலர் பரந்தாமன் ஆவார். எண்பத்தாறாம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் ஐதராபாத்திற்கு ஒரு பயிற்சிக்குச் சென்றார். செல்லும்போது ஒரு தோல்பையை எடுத்துச் சென்றவர், திரும்பும்போது தோல்பையோடு மூன்று ஓட்டங்களையும் கொண்டுவந்தார்.

சங்கத்தின் ஏலக்கூடம் பாலக்கோட்டுச் சாலையில் இருந்தது. நீண்ட கூடம். வடக்கு வாசல் கூடு கொண்டுவரும் விவசாயிகளுக்கு உரியது. தெற்கு வாசல் அதனை வாங்கி நூலெடுக்கும் ரீலர்களுக்கு உரியது. அதுவரை இருசாராரும் கூடத்தின் நடுவில் சந்தித்தனர். விவசாயி மூட்டையைத் தட்டில் கொட்டுவார். ரீலர் ஒரு கூட்டை எடுத்துக் காதருகே வைத்துக் குலுக்குவார். உள்ளே புழு முற்றிக் கெட்டிப்பட்ட நல்ல கூடானால் கடகடவென்று ஓசை கேட்கும். ஓசையைக் கேட்டு அவர் விலை சொல்வார். இவர் முகம் சுளிப்பார். அவர் சற்று ஏற்றுவார். மதியச் சோற்றுக்குள் எல்லாம் முடிந்துவிடும். பயிற்சியிலிருந்து திரும்பிய மறுநாள், இக்காட்சியைக் கூடத்தின் வாசலில் பரந்தாமன் நின்று பார்த்தார். பின்னர் ஊழியர்களைக் கூட்டி இவ்வாறு உரைத்தார்:

"நண்பர்களே, நான் இன்று கண்டது ஒரு சங்கம் அன்று, ஒரு கலவரம். ஒரே மனிதர், ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், பொருளையும் கொடுக்கிறார், தகவலையும் கொடுக்கிறார், பணத்தையும் வாங்குகிறார். இதனால் எது ஓடுகிறது, எது நிற்கிறது என்று நம்மால் சொல்ல முடியவில்லை. நம்மால் சொல்ல முடியாதது நடந்துகொண்டிருந்தால், நாம் எதற்கு?"

மூன்று ஓட்டங்களையும் பிரித்து, தரையில் மூன்று கோடுகளாக வரைய வேண்டும் என்று முடிவாயிற்று. பொருளுக்குப் பச்சை, தகவலுக்கு வெள்ளை, பணத்திற்கு மஞ்சள். கோடு நெடுகிலும் ஓட்டத்தின் திசையைக் காட்டும் அம்புக்குறிகள் இருக்க வேண்டும். அம்பின் வயிற்றில் சங்கத்தின் சின்னமாகிய குத்துவிளக்கு விளங்க வேண்டும்.

வண்ணம் பூச அமர்த்தப்பட்டவர் ஆண்டி என்பவர். கைச்சுத்தம் உள்ள வேலைக்காரர். தகரத்தில் ஓர் அம்பை வெட்டி, அதன் நடுவே குத்துவிளக்கையும் வெட்டி, அத்தகட்டைத் தரையில் வைத்து வண்ணத்தை ஒற்றியபடியே சென்றார். பச்சை முடிந்தது. வெள்ளையில் அம்பு இரு திசையும் காட்ட வேண்டும். மஞ்சளில் தெற்கிலிருந்து வடக்கு நோக்கித் திரும்ப வேண்டும். ஆண்டி தகட்டைத் திருப்பிவைத்தார். அம்பு திரும்பியது. அதனுடன் விளக்கும் தலைகீழாகக் கவிழ்ந்தது.

அவர் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, அலுவலகக் கண்காணிப்பாளரிடம் சென்றார்.

"ஐயா, வௌக்கு கவுந்துக்குதுங்க."

"எந்த விளக்கு?"

"நம்ம சங்கத்து வௌக்குங்க. அம்பத் திருப்புனா வௌக்கு தலகீழாப் போவுது. நாலு சனம் தொழில் பண்ற எடத்துல வௌக்கக் கவுத்து வெக்கலாங்களா? நான் புள்ளகுட்டிக்காரன். நீங்க கையெழுத்துப் போட்டுக் குடுங்க, வெக்கறேன்."

தனி அலுவலர் அன்று மேலிடத்து விருந்தினரை ஒகேனக்கல்லுக்கு அழைத்துச் சென்றிருந்தார். விளக்கைக் கவிழ்ப்பதற்குக் கையெழுத்திட அலுவலகத்தில் இருந்த எவருக்கும் மனம் வரவில்லை. கண்காணிப்பாளர் தம் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார். ஆகவே, விளக்கு எல்லா இடத்திலும் நேராகவே எரியட்டும் என்று வாய்மொழியாகக் கூறப்பட்டது. விளக்கு நேராக நின்றது. அம்புகள் யாவும் வடக்கிலிருந்து தெற்கு நோக்கின. பச்சையும் அப்படி, வெள்ளையும் அப்படி, மஞ்சளும் அப்படியே.

மீன் வறுவலின் மணத்தோடு திரும்பிய பரந்தாமன் அதனைக் கண்டார். தவறு என்பது அவருக்கு உடனே விளங்கியது. ஆயினும் வண்ணம் காய்ந்துவிட்டது. வேலை செம்மையாக முடிந்தது என்று சான்றும் வழங்கப்பட்டுவிட்டது. செம்மையாக முடிந்த ஒன்றைத் திருத்துவதற்கு விதியில் இடம் இல்லை. எனவே, தலைமையகத்திற்கு ஒரு விளக்கம் எழுதிவிட்டு, மறுமொழி வரும்வரை அம்புகள் காட்டும் திசையிலேயே யாவும் நடைபெறும் என்று அவர் ஆணையிட்டார்.

இனி மதலைமுத்துவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மாரண்டஹள்ளிக்கு மேற்கே அவருக்குச் சிறிது நிலம் இருந்தது. மழை பொய்த்த ஆண்டுகளில் அவரும் அவர் மனைவி ராஜமேரியும் பெங்களூருக்குச் சென்று கட்டட வேலை செய்தனர். அவர் கலவை குழைத்தார். ராஜமேரி தலையில் செங்கல் சுமந்தார். பின்னர் கிணற்றில் ஓரளவு நீர் ஊறவே, ஊருக்குத் திரும்பி மல்பெரி நட்டனர். புழு முட்டை ஒட்டிய அட்டைகளைச் சங்கமே கொடுத்தது. விளையும் கூட்டைச் சங்கத்திலேயே விற்பேன் என்று மதலைமுத்து அதற்கு ஒப்புதல் தந்திருந்தார்.

புழு வளர்ந்த நாள்களில், நெடி அதற்கு ஆகாது என்பதால், அவ்வீட்டில் கடுகு தாளிக்கப்படவில்லை; பீடி புகைக்கப்படவில்லை; சரியாகச் சொன்னால் எவரும் சரியாகத் தூங்கவும் இல்லை. புழுக்கள் தழையைத் தின்னும் ஓசை, ஓட்டின்மேல் தூறல் விழுவதுபோல் இரவும் பகலும் கேட்டுக்கொண்டே இருந்தது. பின்னர் அவை தலையை உயர்த்திப் பட்டு நூலைச் சுற்றிக்கொண்டன. கூடுகள் பருத்தும் வெளுத்தும் இருந்தன. மூட்டை கட்டிய காலையில் ராஜமேரி தம் கருத்தைச் சொன்னார்.

"இந்தக் கூடு வெலைக்குப் போச்சுன்னா இங்கயே கெடப்போம். போவலைன்னா பெங்களூருதான். இன்னொருக்கா புழுவ வெச்சிக்கிட்டு முழிச்சிக் கெடக்க என்னால ஆவாது."

"போவும் புள்ள. போவாம எங்க போவும்?"

"அதத்தான் நானும் கேக்கறேன்."

ஈண்டு ஒன்றை விளக்குதல் வேண்டும். கூட்டிற்குள் இருக்கும் புழு சில நாள்களில் பூச்சியாகும். பூச்சியானால் கூட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். துளைபட்ட கூட்டில் நூல் அறுந்துபோகும். அதனை எந்த ரீலரும் தொடமாட்டார். அதற்கு முன்பே ரீலர் அதை வாங்கி ஆவியில் வைத்துப் புழுவைக் கொன்றுவிட வேண்டும். ஆதலால் பட்டுக்கூடு காத்திருக்கும் பொருள் அன்று.

அம்புகள் வரையப்பட்டபின், விவரம் தெரிந்த விவசாயிகள் விடியற்காலையில் ஓசூர்ப் பேருந்தில் மூட்டையை ஏற்றி, எல்லைக்கு அப்பால் இராமநகரத்திற்குச் சென்று விற்றுவந்தனர். மதலைமுத்துவுக்கும் அது சொல்லப்பட்டது. "ஒத்துக்கிட்டுத்தானே அட்டை வாங்கினோம்" என்று அவர் கூறிவிட்டார்.

சங்கத்தின் வடக்கு வாசலில் காவலர் தீர்த்தகிரி கழுத்தில் ஒரு விசிலோடு நின்றார்.

"நில்லுங்கண்ணா. மூட்டையில என்ன?"

"கூடுங்க."

"கூடுன்னு தெரியுது. பொருளா, தகவலா?"

மதலைமுத்து மூட்டையைப் பார்த்தார். "பொருளுதானுங்க."

"அப்ப பச்சை. நீங்க பச்சைக் கோட்டுல போங்க. அக்கா உங்க கூட வரக் கூடாது."

"நாங்க புருசன் பொண்டாட்டிங்க."

"அது வூட்ல. இங்க ஒரு ஓட்டத்துக்கு ஒரு ஆளு. அக்கா வெள்ளையில நிக்கட்டும், தகவல் சொல்லட்டும். மஞ்சளுக்கு யாரு வந்திருக்காங்க?"

"மஞ்சளுக்கு எதுக்குங்க ஆளு?"

"பணத்துக்கு அண்ணா. பணம்னு ஒண்ணு இருக்குதில்ல?"

"நாங்க ரெண்டு பேருதானுங்க வந்தோம்."

வாசலை ஒட்டி டீக்கடை வைத்திருந்த சின்னம்மாள், கொதிக்கும் பாலின்மீது வைத்த கண்ணை எடுக்காமலே குரல் கொடுத்தார்.

"மஞ்சளுக்கு நான் நிக்கறேன், வா சாமி. ரெண்டு டீயக் குடிங்க, பன்னு எடுத்துக்கங்க. போன வாரம் பூரா ஊருக்கெல்லாம் நான்தான் பணம்."

"வந்துச்சாங்க?" என்று ராஜமேரி கேட்டார்.

"எது?"

"பணம்."

"வரல. அது வேற. நிக்கறதுக்கு நான் கேரண்டி."

அவ்வாறே மூவரும் உள்ளே சென்றனர். சின்னம்மாள் முக்காலியை மஞ்சள் கோட்டின்மேல் போட்டு, மடியில் பூண்டைக் கொட்டி உரிக்கத் தொடங்கினார். மதலைமுத்து பச்சைக் கோட்டில் மூட்டைகளை இழுத்துச் சென்று, அம்பு காட்டிய தட்டில் கொட்டினார். வெள்ளைக் கோட்டின் முனையில் ஓர் எழுத்தர் மேசை போட்டு அமர்ந்திருந்தார். ராஜமேரி அவர்முன் நின்றார்.

"பொருளைப் பத்தின தகவல் சொல்லும்மா."

"அதோ கொட்டிக் கெடக்குதுங்களே, பாருங்க."

"பாக்கக் கூடாது. பாத்தா பொருள்லயிருந்து தகவல் வந்துடும். கலந்துடும். வாயால சொல்லு."

ராஜமேரி தட்டின் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பின்னர், "வெள்ளையா இருக்குதுங்க. நல்லா இருக்குதுங்க" என்றார்.

எழுத்தர் அதனை எழுதி முத்திரை குத்தி, அம்பு காட்டிய திசையில் தெற்கு நோக்கி அனுப்பினார்.

தெற்கு முனையில் அன்று ஒரே ஒரு ரீலர்தான் இருந்தார். அவர் பெயர் வெங்கடாசலம். பழக்கம் விடாமல் வந்துகொண்டிருந்தவர். சீட்டைப் படித்ததும் தட்டருகே வந்து, ஒரு கூட்டை எடுத்துக் காதருகே கொண்டுபோனார். பின்னாலேயே உள்ளே வந்திருந்த தீர்த்தகிரி விசிலை ஊதினார்.

"குலுக்காதீங்க சார்! குலுக்கக் கூடாது."

"குலுக்காம எப்படிய்யா வாங்கறது?"

"குலுக்குனா சத்தம் வரும். சத்தம் தகவல் சார். தகவல் வெள்ளையிலதான் வரணும். அதான் வந்திருக்குதே, நல்லா இருக்குதுன்னு."

வெங்கடாசலம் கூட்டைக் கீழே வைத்தார். கண்ணால் பார்த்தே அது முதல் தரம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. நல்ல விலை ஒன்றைச் சொன்னார். கூடத்தில் இருந்த எல்லாரும் அதனைக் கேட்டனர். மதலைமுத்து கேட்டார், முகம் மலர்ந்தார். ராஜமேரி கேட்டார், கழுத்துச் செபமாலையைத் தொட்டுக்கொண்டார். சின்னம்மாள் பூண்டை உரிப்பதை நிறுத்தினார். ஆயினும் வெள்ளை அம்பு தெற்கு நோக்கியே சென்றமையால், தெற்கிலிருந்து புறப்பட்ட அவ்விலை வடக்கே இருந்தவர்களை முறைப்படி வந்து அடையவில்லை.

"விலை இன்னும் வரலை" என்றார் எழுத்தர்.

"அதான் சொன்னாருங்களே. உங்க காதுலயும் விழுந்துச்சே" என்றார் ராஜமேரி.

"காதுல விழுந்தது எனக்கு. அலுவலகத்துக்கு விழல."

வெங்கடாசலம் சட்டைப்பையிலிருந்து பணக்கட்டை எடுத்துக்கொண்டு மஞ்சள் கோட்டில் கால் வைத்தார். மீண்டும் விசில் ஒலித்தது. அம்பு அவர் நெஞ்சை நோக்கி இருந்தது. அம்புக்கு எதிராகப் பணம் வரலாகாது. அவருக்கும் சின்னம்மாளுக்கும் இடையே ஒரு பந்தி இலை போடும் தூரந்தான் இருந்தது.

"இங்கிருந்து எறியட்டுமா?" என்று வெங்கடாசலம் கேட்டார்.

"எறிங்க, புடிச்சிக்கறேன்" என்று சின்னம்மாள் மடியை விரித்தார்.

"எறிஞ்சா என் வேலை போயிடும் சார்" என்றார் தீர்த்தகிரி. அவர் அதனை மிகவும் தாழ்ந்த குரலில் சொன்னதால், வெங்கடாசலம் பணத்தைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டார்.

மதலைமுத்து மூட்டையைத் திரும்பக் கட்டத் தொடங்கினார். அதற்கும் விசில் ஒலித்தது. பச்சை அம்பும் தெற்கு நோக்கியே இருந்தது. முன்னே வந்த பொருள் பின்னே போகலாகாது.

மறுநாள் கணவனும் மனைவியும் தனி அலுவலரின் அறைக்கு அழைக்கப்பட்டனர். பரந்தாமன் இனிய மனிதர். அவர்களை அமரச் சொன்னார். ஒரே நாற்காலி இருந்ததால் இருவரும் நின்றனர்.

"உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. மஞ்சள் அம்பு தவறு என்பதை உங்களுக்கு முன்பே அறிந்தவன் நான். ஐதராபாத்தில் இப்பாடத்தில் எனக்குத்தான் முதலிடம். ஆனால் ஒன்றை நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். அது தவறான அம்பாக இருக்கலாம். எனினும் நம் சங்கத்தின் அம்பு. ஒரு மூட்டைக்காக அதனை மீறினால், நாளை சரியான அம்பு வரும்போது அதனை யார் மதிப்பார்கள்?"

"அதுக்குள்ள பூச்சி வந்துடுங்களே சார்" என்றார் மதலைமுத்து.

"பூச்சிக்கு நம் நடைமுறை தெரியாது என்பது உண்மையே. ஆனால் அறியாமை ஒரு காரணம் ஆகாது."

"கூட்டையாவது திருப்பிக் குடுத்துடுங்க சார். நாங்க எங்கயாச்சும் கொண்டுபோயி வித்துக்கறோம்" என்றார் ராஜமேரி.

பரந்தாமனின் முகம் முதன்முறையாக வாடியது. "அம்மா, திரும்பு ஓட்டம் என்று ஒன்று உண்டு. அது நான்காவது. எங்களுக்கு அதனை நடத்தவில்லை. பயிற்சி மூன்று ஓட்டங்களோடு முடிந்துவிட்டது. நான்காவதற்கு வேறு பயிற்சி. அதற்கு என் பெயர் பரிந்துரைக்கப்பட்டிருக்கிறது. சென்றுவந்ததும் உங்களுக்குத்தான் முதலில் செய்வேன்."

இதனைக் கேட்டு மதலைமுத்து கோபம் கொண்டார் என்று எழுதினால் கதைக்கு நன்றாக இருக்கும். அவர் கோபம் கொள்ளவில்லை. வெளியே வந்து டீக்கடைப் பலகையில் அமர்ந்தார். தமக்குக் கோபம் வர வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. சிறிது நேரம் அதற்காகக் காத்திருந்தார். கால் மரத்துப்போனவர் அதனைக் கையால் தட்டிப் பார்ப்பதுபோலத் தம்மைத் தாமே தட்டிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. சின்னம்மாள் டீயை நீட்டினார். குடித்தார். சூடாக இருந்தது என்பது மட்டும் தெரிந்தது.

அடுத்து வந்த நாள்களில் அவர் காலையில் வந்து பச்சைக் கோட்டின் ஓரம் அமர்வதும், மாலையில் கடைசிப் பேருந்தில் ஊர் திரும்புவதுமாக இருந்தார். சின்னம்மாள் மஞ்சளில் அமர்ந்து பூண்டு உரித்தார்; பூண்டு தீர்ந்ததும் வெங்காயம் உரித்தார். வெங்கடாசலமும் வந்தார். ஒவ்வொரு நாளும் முந்திய நாளினும் குறைந்த விலையைச் சொல்லிச் சென்றார். அவ்விலைகளும் முறைப்படி வந்து சேரவில்லை. இறுதியில் ஒரு நாள், தொலைவிலிருந்தே கும்பிட்டார்.

"தப்பா நெனைக்காதீங்க மதலைமுத்து. அடுப்பு பத்த வெச்சிட்டுக் கூடு இல்லாம ஒக்காந்திருக்கேன். என்னை நம்பி நூலெடுக்கற பொம்பளைங்க இருக்காங்க. நானும் இராமநகரமே போயிடறேன்."

"போயிட்டு வாங்க" என்றார் மதலைமுத்து. அவர் குரலில் வருத்தம் இல்லை. விருந்துக்கு வந்து திரும்புகிறவரை வழியனுப்புவதுபோல் இருந்தது.

அதற்கு மறுநாள் பூச்சிகள் வெளிவந்தன.

பட்டுப்பூச்சிக்குச் சிறகு உண்டு, பறக்கத் தெரியாது. ஆகையால் அவை தட்டின் விளிம்பைத் தாண்டித் தரையில் இறங்கி, சிறகை அடித்தபடியே நடந்தன. பச்சையிலும் நடந்தன, வெள்ளையிலும் நடந்தன, மஞ்சளில், அம்புக்கு நேர் எதிராக, தெற்கிலிருந்து வடக்கு நோக்கிக் கூட்டமாக நடந்தன. ஆணும் பெண்ணும் கோடுகளின்மேலேயே கூடின. பெண் பூச்சிகள் எழுத்தரின் மேசைமீது ஏறி முட்டையிட்டன.

"விசில் அடிச்சேங்க. கேக்கல" என்று தீர்த்தகிரி அறிக்கை செய்தார்.

"அட, மஞ்சளுக்குப் பணந்தான் வரல, பூச்சியாச்சும் வந்துச்சே" என்று சின்னம்மாள் காலைத் தூக்கி முக்காலியின்மேல் வைத்துக்கொண்டார். பின்னர் மதலைமுத்துவின் முகத்தைப் பார்த்துவிட்டு, அவருக்கு டீ போட எழுந்து சென்றார்.

பரந்தாமன் வாசலில் நின்று பூச்சிகளை நெடுநேரம் ஆராய்ந்தார். அவை பொருளா, தகவலா என்ற ஐயம் அவருக்கு எழுந்தது. பொருள் என்றால் பச்சையைவிட்டு வெளியே நடப்பது விதிமீறல். கூடு கெட்டுவிட்டது என்பதை அறிவிப்பதால் தகவல் என்றால், முத்திரை இல்லை. முடிவில், "சங்க வளாகத்திற்குள் உற்பத்தி பெருகியுள்ளது" என்று எழுதி மாதாந்திர அறிக்கையில் சேர்த்தார்.

தலைமையகத்தின் மறுமொழி அந்த வாரமே வந்தது. தவறு ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தது, அது பலருக்கு வியப்பளித்தது. பண ஓட்டத்தின் அம்பு வடக்கு நோக்கி இருக்க வேண்டும் என்றும், விளக்கு கவிழாதிருக்கும் பொருட்டு, அம்பு திரும்பியும் விளக்கு நேராகவும் உள்ள புதிய தகடு ஒன்றைத் தலைமையகமே செய்து அனுப்புகிறது என்றும், பழைய தகட்டை உடனே ஒப்படைக்க வேண்டும் என்றும் அதில் கூறப்பட்டிருந்தது. பழைய தகடு ஒப்படைக்கப்பட்டது. புதிய தகடு வந்தது. தகடு ஒன்றே.

ஆண்டி அதனைப் புரட்டிப் பார்த்தார்.

"சார், இதுல எல்லாமே வடக்கப் பாக்கத்தான் வருங்க. பச்சைக்கு என்ன பண்றது?"

"வந்த தகட்டை வைத்து அடியுங்கள்" என்றார் பரந்தாமன். "மேலிடம் எண்ணாமலா அனுப்பியிருக்கும்?"

ஆண்டி பழைய அம்புகளைச் சுரண்டி, புதிய அம்புகளை ஒற்றினார். வேலை முன்னைப்போலவே சுத்தமாக இருந்தது. விளக்குகள் நேராக நின்றன. பச்சையும் வெள்ளையும் மஞ்சளும் ஒன்றுபோல, தெற்கிலிருந்து வடக்கு நோக்கிப் புறப்பட்டன.

புதிய அம்புகளின் திறப்பு விழாவிற்குச் சென்னையிலிருந்து உயர் அதிகாரி ஒருவர் வந்தார். விழா நாள் காலையில் ராஜமேரி தாமும் வருவதாகச் சொல்லி மதலைமுத்துவுடன் புறப்பட்டார். கையில் ஒரு துணிமூட்டை இருந்தது. வீட்டுச் சாவி அவர் இடுப்பில் செருகப்பட்டிருந்தது. மதலைமுத்து அவ்விரண்டையும் பார்த்தார்.

அதிகாரிக்கு மாலை அணிவிக்கப்பட்டது. அது பூமாலை அன்று. மதலைமுத்துவின் துளைபட்ட கூடுகளில் நல்லனவற்றைத் தேர்ந்து, இடையிடையே சரிகை வைத்துக் கோத்த கூட்டுமாலை. பரந்தாமன் ஒலிபெருக்கியின் முன் நின்றார்.

"பெரியோர்களே! சங்கத்தில் எதுவும் ஓடவில்லை என்று சிலர் பேசினர். அவர்கள் நம் ஐயா அவர்களின் மார்பைப் பார்க்கட்டும். மாரண்டஹள்ளியில் விளைந்த பொருள், ஒரு துளியும் சிந்தாமல், நுகர்வோரின் கழுத்தை அடைந்திருக்கிறது. இதுவே பொருள் ஓட்டம். இதனை நான் உங்களுக்குச் சொல்கிறேன். இது தகவல் ஓட்டம். இன்றுமுதல் மஞ்சள் அம்பு விவசாயியை நோக்கித் திரும்பிவிட்டது. இது பண ஓட்டம். ஓடுவதற்குப் பணம் இல்லை என்று கேட்பீர்கள். பாதை அமைப்பதே எங்கள் கடமை. எது நடக்கிறது என்பது பாதையின் கவலை அன்று."

கைதட்டல் எழுந்தது. அதிகாரி மாலையின் ஒரு கூட்டை விரலால் தடவிப் பார்த்து, "மென்மையாக இருக்கிறது" என்று பாராட்டினார்.

பின்னர் மதலைமுத்துவின் பெயர் அழைக்கப்பட்டது. பச்சை அம்பு இப்போது விவசாயியை நோக்கி இருந்தமையால், பொருள் அவரிடம் ஓடுவதற்குத் தடை எதுவும் இல்லை. மாலைக்கு எடுத்தது போக எஞ்சிய கூடுகள், செத்த பூச்சிகளோடு, மூட்டைகளாகக் கட்டி வைக்கப்பட்டிருந்தன. சங்க வரலாற்றில் புதிய முறைப்படி பொருளைப் பெறும் முதல் உறுப்பினர் அவரே என்று அறிவிக்கப்பட்டது. புகைப்படக்காரர் அவரைச் சற்றுச் சிரிக்கச் சொன்னார். அவர் வாயை அகற்றினார். படம் எடுக்கப்பட்டது.

"ரெண்டு வார்த்தை பேசுங்கண்ணா" என்று தீர்த்தகிரி ஒலிபெருக்கியை நீட்டினார்.

மதலைமுத்து அதனை வாங்கிக் கையில் வைத்திருந்தார். கூட்டம் காத்திருந்தது. "எல்லாருக்கும் வணக்கமுங்க" என்றார். ஒலிபெருக்கியைத் திருப்பிக் கொடுத்தார். அதற்கும் கைதட்டினர்.

சாலையோரம் சின்னம்மாள் அடுப்பைத் தணித்துவிட்டு எழுந்து வந்தார். "மூட்டைய என்ன பண்ணப் போறீங்க?"

"பஞ்சு மாதிரி அடைச்சி, தலகாணி தெச்சிக்க. ஒனக்குத்தான், வெச்சிக்கக்கா" என்றார் ராஜமேரி.

"நான் ஒண்ணும் பண்ணலியே சாமி."

"நின்னியே."

தருமபுரிப் பக்கமிருந்து ஓசூர்ப் பேருந்து வந்தது. அது மாரண்டஹள்ளி வழியாகச் செல்வது. ராஜமேரி துணிமூட்டையைத் தூக்கிக்கொண்டு முன்படியில் ஏறினார். மதலைமுத்து பின்படியில் ஏறினார். நடத்துநர் அவரிடம் வந்து எவ்விடம் என்று கேட்டார். மதலைமுத்து தம் மனைவி இருந்த பக்கம் பார்த்தார்.

"ஓசூரு ரெண்டு குடுங்க. பெங்களூருக்கு அங்க மாறிக்கறோம்" என்று முன்னாலிருந்து ராஜமேரி சொன்னார்.

"தோட்டத்துல தழை நிக்குதே, ராசமேரி" என்றார் அவர். பேருந்தின் இரைச்சலில் அது பாதியே கேட்டது.

"ஆடு மேஞ்சிக்கும்."

மாரண்டஹள்ளியில் பேருந்து நின்றது. தக்காளிக் கூடைகளை மேலே ஏற்றினர். சிலர் இறங்கினர், சிலர் ஏறினர். மதலைமுத்துவுக்குத் தெரிந்த ஒருவர் சன்னலருகே வந்து, "என்னாப்பா, எறங்கலியா?" என்று கேட்டார். மதலைமுத்து அவரைப் பார்த்துத் தலையை அசைத்தார். அது ஆம் என்பதா, இல்லை என்பதா என்று கேட்டவருக்கு விளங்கவில்லை. நடத்துநர் கயிற்றை இழுத்து மணி அடித்தார்.